கொல்லைக்குளப் பாசிக் கட்டுப்பாட்டின் வரலாறு

கொல்லைக்குளம் என்பது காவிரிப் படுகையில் வீட்டின் பின்புறத்தில் வெட்டப்படும் சிறு நீர்நிலை ஆகும். குட்டை என்றும் இது வழங்கப்படும். வீடு கட்ட மனையை மேடாக்குவதற்கும் மண்சுவர் எழுப்புவதற்கும் மண் எடுத்த பள்ளமே பெரும்பாலும் குளமாக நின்றுவிட்டது. பாத்திரம் துலக்க, மாடு குளிப்பாட்ட, கீரைப்பாத்திக்கும் வாழைக்கும் நீர் இறைக்க இது பயன்பட்டது. கீழ்வேளூர் போன்ற ஊர்களில் இந்நீர்நிலைகள் இன்று சந்திக்கும் முதன்மையான சிக்கல் பாசி. பாசியைக் கட்டுப்படுத்த இரண்டாயிரம் ஆண்டுகளாக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். பாசியைக் கொல்லும் மருந்துகள் சில வாரங்களுக்கே பயன் தந்தன. பாசிக்கு உணவாகும் சத்து நீரில் சேராமல் தடுத்த வழக்கங்களே நிலைத்த பயன் தந்தன.

இடம்

கீழ்வேளூர், திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே அமைந்த பேரூர். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. சம்பந்தரும் அப்பரும் பாடிய கேடிலியப்பர் கோயில் இவ்வூரின் அடையாளம். முருகன் வேலால் உண்டாக்கியது என்று தலபுராணம் கூறும் தீர்த்தம் இங்கு உண்டு.

பாசியின் வரலாற்றில் இவ்வூருக்கு முதன்மை தருவது அதன் அமைவிடம். இது கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கல்லணையில் பிரிந்து, வழியிலுள்ள வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு இறுதியாகவே இப்பகுதிக்கு வந்து சேரும். கடைமடைக்கு இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. நீர் தாமதமாக வருவதால் குளங்களில் பழைய நீர் நெடுநாள் தேங்கி நிற்கும். வரும் நீரோ மேல்மடை வயல்களின் வடிகாலையும் சேர்த்துக்கொண்டு வரும். இவ்விரண்டும் பாசி வளர ஏற்ற சூழல்கள்.

பாசி எத்தனை வகை

பேச்சுவழக்கில் பாசி என்ற ஒரு சொல் பலவற்றைக் குறிக்கிறது. கொல்லைக்குளத்தில் காணப்படுபவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நீர் முழுவதையும் பச்சையாக்கும் மிதவைப் பாசி. இதன் ஒவ்வோர் உயிரும் தனித்துக் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் குவளையில் மொண்டால் நீரே பச்சையாகத் தெரியும். இரண்டாவது, நூல்நூலாகப் படர்ந்து, கையில் எடுத்தால் வழுவழுப்பாகச் சரியும் இழைப்பாசி. பள்ளிப் பாடநூலில் வரும் ஸ்பைரோகைரா இவ்வகை. மூன்றாவது, நீலப்பச்சைப் பாசி. இது உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. காற்று வீசும் திசையில் கரையோரமாக ஒதுங்கி, பச்சைச் சாயத்தைக் கொட்டியதுபோல் ஆடையாகப் படியும்.

மூன்றாவது வகையில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் சில இனங்கள் நஞ்சை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்டிரினா ஏரியின் நீரைக் குடித்த கால்நடைகள் மடிந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பாசி ஆடையால் கால்நடைகள் இறந்ததை அறிவியல் உலகுக்குத் தெரிவித்த முதல் பதிவுகளில் அது ஒன்று. குளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஊர்கள் மறக்கக்கூடாத செய்தி இது.

சங்கப் பாடலில் ஓர் உற்றுநோக்கல்

தமிழில் பாசியைப் பற்றிய மிகக் கூர்மையான பழம்பதிவு குறுந்தொகையின் 399ஆம் பாடலில் உள்ளது. பாடியவர் பரணர். தலைவன் பிரிவால் தலைவியின் மேனியில் படரும் பசலைக்கு, ஊரார் நீருண்ணும் கேணியின் துறையில் படர்ந்த பாசியை அவர் உவமையாக்குகிறார். தொடும்போதெல்லாம் விலகுகிறது, விட்டதும் மீண்டும் பரவி மூடுகிறது என்பது உவமையின் கருத்து.

காதல் பாடலாக இருந்தாலும் இதில் நீரியல் உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. பாசியை விலக்குவது எளிது, மீளாமல் செய்வதுதான் கடினம். மேலும், ஊரார் நாள்தோறும் குடத்தை அமிழ்த்தி நீர் மொள்ளும் துறையில் பாசி நிலைக்காது. புழக்கம் நின்ற துறையை அது மூடிவிடும். பாசி மண்டிய குளம் என்பது பெரும்பாலும் மக்கள் கைவிட்ட குளம். குழாய்நீர் வந்த பிறகு கொல்லைக்குளங்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

தெளிவிப்பது வேறு, பாசி நீக்குவது வேறு

பழந்தமிழர் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினர். கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரை ஊற்றினால், கலங்கல் அடியில் படிந்து நீர் தெளியும். கலித்தொகையிலேயே இதற்குக் குறிப்பு உண்டு. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, கிணற்று நீரைச் சீராக்கும் கலவையில் கோரைக்கிழங்கு, வெட்டிவேர், நெல்லிக்காய் ஆகியவற்றோடு தேற்றாங்கொட்டையையும் சேர்க்கிறது. கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை இடும் வழக்கம் தமிழகத்தில் அண்மைக்காலம் வரை இருந்தது.

இவற்றைப் பாசிக்கு மருந்தாகக் கருதுவது பொருந்தாது. தேற்றாங்கொட்டையிலுள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அமிழச் செய்கின்றன. ஒரு குடத்தில் இது நடக்கும். வெயிலில் திறந்து கிடக்கும் குளத்தில், உயிருள்ள பாசி அன்றாடம் பெருகிக்கொண்டே இருக்கும்போது, கொட்டையால் அதை நிறுத்த முடியாது. பழையவர்களும் இதைக் குடத்துக்கும் கிணற்றுக்குமே சொன்னார்கள்.

குளத்துக்கு அவர்கள் வகுத்தவை நடத்தை விதிகள். பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, நீராடுவோர் நீரில் உமிழக்கூடாது, நீந்தி விளையாடக்கூடாது என்கிறது. தூய்மை குறித்த ஒழுக்கமாகச் சொல்லப்பட்டாலும் அழுக்கை நீர்நிலையில் சேரவிடாத காப்பு இதில் உண்டு.

வாரியமும் வண்டலும்

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊராட்சிக் குழுக்களாக ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. நீர்நிலையைப் பேணுவது தனியொருவரின் விருப்பமாக இல்லாமல் ஊரின் பொறுப்பாக இருந்ததற்கு இது சான்று. ஏரியில் வண்டல் அள்ளுவதற்கெனப் பொன்னும் நிலமும் அறமாக அளித்த செய்திகள் பல கல்வெட்டுகளில் உள்ளன.

வண்டல் அள்ளுவதன் முதல் நோக்கம் குளத்தின் ஆழத்தைக் காப்பது. ஆனால் அதன் மற்றொரு பயன் பாசியைப் பற்றியது. இறந்த பாசி, உதிர்ந்த இலை, மாட்டுச் சாணம் எல்லாம் அழுகி அடிச்சேற்றில் சேர்கின்றன. அச்சேறு மணிச்சத்தின் இருப்புக் கிடங்கு. கோடையில் குளம் வற்றியதும் சித்திரை, வைகாசியில் அதை அள்ளி வயலிலும் தென்னை அடியிலும் போட்டார்கள். பாசிக்கு உணவாக வேண்டியது பயிருக்கு உணவாயிற்று. ஆடியில் ஆற்றுநீர் வந்து குளம் நிரம்பும்போது அடியில் சத்து குறைவாக இருந்ததால் பாசியும் குறைவாக இருந்தது.

இந்த ஒழுங்கைப் பொற்காலமாக மட்டும் எழுதினால் வரலாறு முழுமை பெறாது. வண்டல் அள்ளிய உழைப்பு பெரும்பாலும் பண்ணையாட்களின் உழைப்பு. குடிமராமத்து என்னும் மரபு உழைப்பைக் கட்டாயமாக்க ஆங்கில அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்குத் தனிச் சட்டமே இயற்றியது. குளத்தைத் தூர்வாரிய மக்களுக்கே அக்குளத்தில் இறங்கி நீர் மொள்ளும் உரிமை மறுக்கப்பட்ட ஊர்கள் பல. கூலி கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி, கீழ்வேளூருக்கு அருகிலுள்ள சிற்றூர்தான். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொழிலாளர் போராட்டங்களால் உழைப்புக்கு உரிய கூலி தரவேண்டிய நிலை ஏற்பட்டது. அது நியாயமான மாற்றம். ஆனால் கூலி கொடுத்துக் கொல்லைக்குளத்தைத் தூர்வார எல்லா வீடுகளும் முன்வரவில்லை, சேறு தங்கியது.

பாசியியலுக்குச் சென்னையின் பங்கு

பாசியை அறிவியல் முறையில் ஆராய்வதில் இந்தியாவுக்கு வழிகாட்டியது சென்னை. மாநிலக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய பெருநூல் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது.

தோட்டக் குளத்தோடு நேரடியாகத் தொடர்புடைய ஆய்வுகளைச் செய்தவர் எஸ். வி. கணபதி. நீலப்பச்சைப் பாசி நிலையாக மண்டிக் கிடந்த ஒரு கோயில் குளத்தின் சூழலியலை அவர் 1940இல் வெளியிட்டார். விலங்கு மிதவையுயிர்கள் மிகுந்த ஒரு தோட்டக் குளத்தைப் பற்றிய அவருடைய ஆய்வு 1943இல் இந்திய அறிவியல் கழக ஏட்டில் வந்தது. இரண்டும் தேங்கிய சிறு நீர்நிலைகளே. ஒன்றை ஆண்டது பாசி. மற்றொன்றில் நிறைந்திருந்தவை நுண்விலங்குகள். நீர்த்தெள்ளு போன்ற இந்நுண்விலங்குகள் மிதவைப் பாசியை மேய்ந்து வாழ்பவை. குளத்தின் பச்சை நிறத்தைச் சத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதை மேய்வோரின் எண்ணிக்கையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பது பின்னாளில் உலகெங்கும் ஏற்கப்பட்ட கருத்து.

மயில்துத்தம்

பாசியை மருந்தால் கொல்லும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் மூர், கார்ல் கெல்லர்மன் இருவரும் 1904இல் வெளியிட்ட அறிக்கையில், மயில்துத்தம் மிகச் சிறிய அளவிலேயே குடிநீர்த் தேக்கங்களின் பாசியைக் கொல்லும் என்று காட்டினர். பல இனங்களுக்குப் பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்கோ அதனினும் குறைவோ போதுமானதாக இருந்தது. திராட்சைக் கொடியின் பூஞ்சண நோய்க்குப் பிரான்சில் 1880களில் புகழ்பெற்ற போர்டோ கலவையிலும் உள்ளது இதே மயில்துத்தம்தான். உழவர்களுக்கு அது புதிய பொருள் அன்று.

நகரக் குடிநீர்த் தேக்கத்துக்கு ஏற்ற இம்முறை கொல்லைக்குளத்துக்கு வரும்போது மூன்று இடர்களைக் கொண்டுவருகிறது. முதலாவது, அளவு. 20 அடி நீளம், 20 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குட்டையில் ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர் நிற்கும். பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு என்றால் இதற்கு வேண்டியது 45 கிராம் மட்டுமே. கண்மதிப்பாக ஒரு பொட்டலத்தைக் கரைத்து ஊற்றினால் அது பத்து மடங்காகிவிடும், மீன்கள் இறக்கும். இரண்டாவது, மடிந்த பாசி ஒரே நேரத்தில் அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும். மருந்துக்குத் தப்பிய மீன்களும் மறுநாள் விடியலில் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பது இதனால்தான். மூன்றாவது, பாசியை மேயும் நுண்விலங்குகளைச் செம்பு கொல்லும்; செம்பு சேற்றில் தங்கும்; பாசிக்கு உணவான சத்தோ அப்படியே இருக்கும். சில வாரங்களில் மேய்வோர் இல்லாத குளத்தில் பாசி முன்னிலும் அடர்த்தியாக எழும். தொட்டால் விலகி விட்டால் பரவும் என்ற பரணரின் உவமை மருந்துக்கும் பொருந்திவிடுகிறது.

மணிச்சத்து என்னும் திறவுகோல்

பாசி பெருகுவதற்கு எந்தச் சத்து காரணம் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கனடாவில் கிடைத்தது. டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் ஒன்டாரியோ மாநிலத்தில் 226 என எண்ணிடப்பட்ட சிறு ஏரியை 1973இல் திரையிட்டு இரு பாதிகளாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கரிமத்தையும் தழைச்சத்தையும் இட்டனர். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தனர். மணிச்சத்து சேர்ந்த பாதி மட்டும் பச்சையாக மாறியது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் ஒளிப்படம் சலவைத்தூளில் மணிச்சத்து உப்புகளைக் குறைக்கும் சட்டங்களுக்கு வலுச் சேர்த்தது.

தழைச்சத்தைத் தடுத்தால் போதாதா என்ற ஐயத்துக்கு நெல்வயல் முன்பே விடை தந்திருந்தது. நெல்வயலின் நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே பிடித்து நிலைப்படுத்துகின்றன என்பதை பி. கே. டே 1939இல் நிறுவினார். வயலுக்கு நன்மையான இந்த ஆற்றல் குளத்தில் சிக்கலாகிறது. நீரில் தழைச்சத்து குறைந்தாலும் இவை காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மணிச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது. அது மண்ணிலிருந்தோ உரத்திலிருந்தோ அழுக்கு நீரிலிருந்தோ வந்துதான் ஆகவேண்டும். ஆகவே தடுக்கக்கூடிய வாயில் அதுவே.

ஒரு கிலோ மணிச்சத்து ஏறத்தாழ 500 கிலோ ஈரப் பாசிக்குப் போதும் என்பது நீரியலில் வழங்கும் கணக்கு. டிஏபி உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூய மணிச்சத்து. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் டிஏபி குளத்தில் கரைந்தால் 10 கிராம் மணிச்சத்து சேரும். அது 5 கிலோ பாசிக்கு உணவு.

இந்தக் கணக்கை வைத்துக் காவிரிப் படுகையின் அண்மை வரலாற்றைப் பார்க்கலாம். 1960–61இல் நாட்டில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு தீவிர வேளாண்மை மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. அதன்பின் குட்டை நெல் ரகங்களும் செயற்கை உரமும் பரவின. விளைச்சல் உயர்ந்தது, வயலின் வடிகால்நீரில் சத்தும் உயர்ந்தது. சீயக்காயும் அரப்பும் உவர்மண்ணும் இருந்த இடத்துக்கு 1959 முதல் சலவைத்தூள் வந்தது. வண்டல் அள்ளுவதும் அதே காலத்தில் குறைந்தது. குளத்துக்குள் வருவது கூடி, வெளியே போவது குறைந்த நிலையில் கடைமடைக் குளங்கள் பச்சையாயின.

மீனும் இலையும்

பாசி தின்னும் மீன்களை விடுவதும் ஒரு தீர்வாக முன்வைக்கப்பட்டது. ஜிலேபி கெண்டை 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1959இல் ஜப்பானிலிருந்து வெள்ளிக்கெண்டையும் ஹாங்காங்கிலிருந்து புல்கெண்டையும் கட்டாக்குக்கு வந்தன. புல்கெண்டை நீர்ச்செடிகளைத் தின்னும். மிதவைப் பாசியைத் தின்னாது. செடிகள் போனபின் அவற்றின் சத்து கழிவாக நீரில் கலந்து பாசியைக் கூட்டுவதும் உண்டு. வெள்ளிக்கெண்டை மிதவைப் பாசியை வடிகட்டி உண்ணும்; ஆனால் சிறு குட்டை அதற்குப் போதாது. ஜிலேபி கெண்டை கட்டுக்கடங்காமல் பெருகி, சேற்றைக் கிளறி, நாட்டு மீன்களையும் நெருக்கும். மீன் ஒரு துணை, அதுவே தீர்வாகாது என்பதே அரை நூற்றாண்டு பட்டறிவு.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டையொட்டி, கால்வாயில் இட்ட வாற்கோதுமை வைக்கோல் இழைப்பாசியைக் குறைத்ததாக ஆய்வுகள் வந்தன. நம் ஊரில் அதைப் பார்த்து நெல்வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் குளத்தில் போடுவது தவறு. வெப்பமான தேங்கிய நீரில் வைக்கோல் விரைவாக அழுகி உயிர்வளியைக் குறைத்துவிடும்.

இவற்றைவிடப் பழமையானதும் எளியதும் இலைநிழல். அல்லியும் தாமரையும் நீர்ப்பரப்பில் பாதியளவு இலை விரித்தால் வெயில் உள்ளே புகுவது குறையும். அவற்றின் கிழங்குகள் சேற்றின் சத்தையும் உறிஞ்சும். ஆகாயத்தாமரையும் நிழல் தரும். ஆனால் குளம் முழுவதையும் மூடி நீரைக் கெடுத்துவிடும் என்பதைப் படுகையின் வாய்க்கால்கள் காட்டுகின்றன.

இன்றைய நடைமுறை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு வீட்டுக்குளத்துக்கான ஒழுங்கு முறையைப் பெறலாம். மாட்டுக்கொட்டில் நீரும் சமையலறைக் கழிவுநீரும் குளத்தில் இறங்காதபடி கரையைச் சற்று உயர்த்தி, அந்நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பவேண்டும். உரமிட்ட வயலின் வடிகால் குளத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இழைப்பாசியை மூங்கில் கழியால் சுருட்டி எடுக்கலாம். எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அதன் சத்து மீண்டும் குளத்துக்கே போகும். எருக்குழியில் சேர்ப்பதே முறை. கோடையில் நீர் வற்றும்போது ஒரு சாண் சேற்றையாவது அள்ளித் தென்னைக்கு இடவேண்டும். அல்லி வளர இடம் விடவேண்டும். மீன் விட்டால் குறைவாக விட்டு, மிச்சமாகும் அளவுக்குத் தீனி போடாமல் இருக்கவேண்டும். கரையோரம் சாயம்போல் பச்சை ஆடை படிந்தால் அது கலையும்வரை கால்நடைகளையும் குழந்தைகளையும் அந்நீரில் விடக்கூடாது. இவற்றைச் செய்த குளத்திலும் முதல் ஆண்டில் பாசி இருக்கும். சேற்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த சத்து ஒரே கோடையில் தீர்ந்துவிடாது.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. நீர்நிலைகளின் வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்லவும் அவ்வாண்டு வழி செய்யப்பட்டது. இத்திட்டங்கள் பொதுக் குளங்களுக்கும் ஏரிகளுக்கும் உரியவை. கொல்லைக்குளம் எந்தத் திட்டத்திலும் அடங்காது. அதற்கு ஏரி வாரியமும் அந்த வீட்டார்தான், வண்டல் அள்ளும் கையும் அவர்களுடையதுதான்.